பறவை நோக்கும் குழுவில் புதியவர்களின் பிழையைத் திருத்துவது எப்படி? மூத்தவர் ஒருவரின் கடுஞ்சொல்லுக்குப் பின் எழுந்த கேள்வி

கேள்வி கேட்டவர்: சோலைப்பாதை (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் பறவை நோக்குவோருக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றை நண்பர்கள் சிலரோடு சேர்ந்து கவனித்து வருகிறேன். தோட்டத் தொழிலாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், வார இறுதியில் பெரிய லென்ஸுடன் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வரும் கோயம்புத்தூர் நண்பர்கள் என எல்லாத் தரப்பினரும் அதில் இருக்கிறார்கள். ஒருவர் படம் போடுவார். மற்றவர்கள் பறவையின் பெயரைச் சொல்வார்கள். தவறாக இருந்தால் தெரிந்தவர் திருத்துவார். பொதுவாக அமைதியாகவே நடந்து வந்த குழு இது.

சென்ற குளிர்காலத்தில், தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் கைபேசியில் எடுத்த நீலநிறப் பறவையின் படத்தைப் போட்டு, ‘நீலகிரி ஈப்பிடிப்பான்’ என்று எழுதியிருந்தார். உண்மையில் அது வெர்டிட்டர் ஈப்பிடிப்பான். குழுவின் மூத்தவர் ஒருவர் உடனே, “புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் படம் போடவும். இதுகூடத் தெரியாமல் பெயர் எழுதக் கூடாது” என்று பதில் அனுப்பினார். அதன் கீழே நால்வர் சிரிக்கும் முகங்களைப் பதிந்தார்கள். சற்று நேரத்தில் அந்த இளைஞர் படத்தை நீக்கிவிட்டு, ‘மன்னிக்கவும் சார்’ என்று மட்டும் எழுதினார். அன்றிலிருந்து அவர் எதுவும் பதிவிடவில்லை. குழுவை விட்டு விலகவும் இல்லை.

அந்த மூத்தவரைப் பற்றிக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. லாங்வுட் சோலையின் பறவைகளை அவரளவுக்கு அறிந்தவர் எங்கள் குழுவில் எவரும் இல்லை. கேட்டவர்க்கெல்லாம் நேரம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. பெயர் பிழையாகப் பதிவானால் கணக்கெடுப்புத் தரவே பழுதாகிவிடும் என்ற அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பதிலுக்குப் பிறகு புதியவர்கள் படம் போடவே தயங்குகிறார்கள் என்பது கண்கூடு.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. உறுப்பினர் ஒருவர் கூட்டில் இருக்கும் குஞ்சுகளின் படத்தைப் பகிர்ந்தார். நிர்வாகிகளில் ஒருவர் அதை நீக்கியதோடு, குழுவிலேயே அவரைக் கண்டித்தும் எழுதிவிட்டார். நீக்கியது சரிதான் என்பது என் எண்ணம்; கண்டித்த முறை சரியா என்பதில் எனக்குத் தெளிவில்லை. படம் போட்டவர் இப்போது கோபத்தில் இருக்கிறார்.

துல்லியத்தை விட்டுக்கொடுக்காமல் மரியாதையைக் காப்பது எப்படி? மூத்தவரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது? ஒதுங்கி நிற்கும் இளைஞரை மீண்டும் பேச வைக்க என்ன செய்யலாம்? இத்தகைய குழுக்களை நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில்: மேல்மலைக்காரர் (கொடைக்கானல்)

வணக்கம் நண்பரே. எங்கள் பழனி மலைப் பக்கத்திலும் இதே நிலை வந்து போயிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த இளைஞர் செய்த பிழை எத்தகையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் நீலநிறப் பறவைகள். இரண்டும் மரக்கிளையில் அமர்ந்து, பறந்து பூச்சி பிடித்துத் திரும்புபவை. நீலகிரி ஈப்பிடிப்பான் ஆண்டு முழுவதும் நம் மலைகளிலேயே வாழ்வது. வெர்டிட்டரோ இமயமலைப் பக்கத்தில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் மட்டும் தெற்கே வருவது. ஆக, குளிர்காலத்தில் இரண்டையும் ஒரே சோலை ஓரத்தில் பார்க்க முடியும். வெயில் விழும் கோணம் சற்று மாறினாலே நீலத்தின் சாயல் மாறித் தெரியும். பெண் பறவைகளின் நிறம் மங்கலாக இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். சில ஆண்டுகளாகப் பறவை நோக்குவோர்கூட இந்த இரண்டிலும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இதை ‘இதுகூடத் தெரியாதா’ என்ற கேள்விக்கு உரிய பிழையாக நான் கருத மாட்டேன். நீலகிரியில் வாழும் ஒருவர் நீலநிறப் பறவை ஒன்றைப் பார்த்து, தம் மலையின் பெயரைத் தாங்கிய பறவைதான் அது என்று நினைத்ததில் கவனிப்பும் இருக்கிறது, பற்றும் இருக்கிறது.

உங்கள் மூத்தவர் எழுதிய பதிலில் கடுமையைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதைப் படித்தவருக்கு, அடுத்த முறை அந்த இரண்டு பறவைகளையும் பிரித்தறிய எதுவுமே கிடைக்கவில்லை. கடுஞ்சொல்லை நீக்கிவிட்டு, ‘இது வெர்டிட்டர், நன்றி’ என்று மட்டும் பணிவாக எழுதியிருந்தாலும் இந்தக் குறை நீங்கியிருக்காது. திருத்துகிறவர் தாம் கண்ட அடையாளத்தை எதிரிலிருப்பவர் கண்ணுக்கும் காட்ட வேண்டும். இந்த மாதிரிக் குழுக்களில் மரியாதை என்று நான் முதன்மையாகக் கருதுவது அதைத்தான். அந்தப் படத்துக்கு நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

“பகிர்ந்தமைக்கு நன்றி தம்பி. இது வெர்டிட்டர் ஈப்பிடிப்பான். உடலின் நீலத்தில் பச்சைச் சாயல் கலந்து பளிச்சென்று இருப்பதைப் பாருங்கள். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே உள்ள கறுப்பும் அந்த வெளிர்நீலத்தின் மேல் எடுப்பாகத் தெரிகிறது. நீலகிரி ஈப்பிடிப்பானின் நீலம் இதைவிட அடர்த்தியானது, கருநீலத்தை ஒட்டியது. அதன் வாலின் அடிப்பகுதியில் சிறிய வெள்ளைத் திட்டுகளும் உண்டு. அது முதுகு காட்டி உட்காரும்போது வாலடியைக் கவனியுங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் பார்த்தீர்கள்?”

கடைசியில் உள்ள கேள்வியை விட்டுவிட வேண்டாம். கேள்வி கேட்டால்தான் பேச்சு தொடரும். அவர் மன்னிப்புக் கேட்டு விலகிவிடாமல் பதில் சொல்ல இடம் கிடைக்கும். அதோடு, பார்த்த இடமும் நேரமும் பறவையை அடையாளம் காண உண்மையிலேயே தேவையான செய்திகள்.

பெயர்கள் விஷயத்தில் நாம் எல்லோருமே சற்று அடக்கத்தோடு இருக்கக் காரணம் இருக்கிறது. சிரிப்பான் எனப்படும் சோலைப் பறவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உங்கள் மலையில் வாழும் நீலகிரி சிரிப்பானுக்குத் தொண்டையும் மார்பும் செம்பழுப்பு. கணவாய்க்குத் தெற்கே எங்கள் மலையில் வாழும் பழனி சிரிப்பானுக்கு மார்பு சாம்பல் நிறம், அதில் மெல்லிய கோடுகள். இந்தச் சிரிப்பான்களைப் பல ஆண்டுகள் ஆசியாவின் பிற சிரிப்பான்களோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் பறவைகளுடைய மரபணுக்களை ஆராய்ந்த பிறகு, 2017இல்தான் இவற்றுக்கு மான்டிசிங்க்லா என்று தனிப் பேரினமே வகுத்தார்கள். அதற்கு முன் அச்சான கையேடுகளில் பழைய பெயர்கள்தாம் இருக்கும். புத்தகத்தைத் திறந்து பார்க்கச் சொன்ன மூத்தவரிடம் அந்தப் புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு என்று எவரும் எதிர்க்கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வகைப்பாட்டியல் அறிஞர்களே தங்கள் முடிவுகளைத் திருத்திக்கொண்டே வரும் ஒரு துறையில், முதல் படத்தைப் போட்டவருக்குத் திருத்தம் வருவது இயல்பான நிகழ்வு என்ற உணர்வு குழுவில் நிலவ வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

தரவு பழுதாகிவிடும் என்ற கவலைக்கும் ஒரு வார்த்தை. பறவை நோக்குவோர் தாம் கண்டவற்றைப் பதிவிடும் இ-பேர்ட் இணையதளத்தில் வழக்கத்துக்கு மாறான பதிவு ஒன்று வந்தால், அந்தந்தப் பகுதிக்குரிய தன்னார்வ மதிப்பாய்வாளர், பதிவிட்டவருக்கே எழுதி விவரம் கேட்கிறார்: என்னென்ன அடையாளங்களைப் பார்த்தீர்கள், படம் உண்டா என்பது போல. விவரம் போதவில்லை என்றால் அந்தப் பதிவு பொதுவான வரைபடங்களில் இடம்பெறாது. ஆனால் பார்த்தவருடைய சொந்தப் பட்டியலிலிருந்து அது நீக்கப்படுவதில்லை. தரவின் தூய்மையும் காக்கப்படுகிறது, பார்த்தவருடைய மதிப்பும் காக்கப்படுகிறது. உலகெங்கிலுமிருந்து பதிவுகள் வந்து குவியும் ஒரு தளத்தில் இது முடியும் என்றால், ஒருவரையொருவர் பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் பார்த்துக்கொள்கிற நமக்கு நிச்சயம் முடியும்.


பதில்: குன்னூர் ஆசிரியை

மேல்மலைக்காரர் ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

எனக்கு அந்த மூத்தவர் எழுதிய வரியைவிட அதன் கீழே பதிந்த நான்கு சிரிப்பு முகங்களே அதிக வருத்தம் தருகின்றன. கடிந்துகொண்டவர், குறைந்தபட்சம், பறவையின் பெயர் சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில் எழுதினார். சிரித்தவர்களுக்கு அந்தப் பறவையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. வகுப்பறையில் ஒரு பிள்ளை தவறாகப் பதில் சொல்லும்போது, ஆசிரியர் திருத்துவதை அது தாங்கிக்கொள்ளும்; பின்வரிசைச் சிரிப்புக்குப் பிறகு அந்தப் பிள்ளை கை தூக்குவதே இல்லை. அந்த நால்வரிடமும் நிர்வாகிகள் தனித்தனியே பேச வேண்டும். மூத்தவரிடம் மட்டும் பேசிவிட்டு அவர்களை விட்டுவிட்டால், முழுப் பழியையும் ஒருவர் மேல் சுமத்தியதாகிவிடும்.

எது பொதுவில், எது தனியே என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். பறவையின் பெயரைத் திருத்துவது குழுவில் அனைவரும் பார்க்கும்படியே நடக்கட்டும். அதைப் படித்து, வாய் திறந்து கேட்கத் தயங்கும் இன்னும் பலர் கற்றுக்கொள்வார்கள். ஒருவருடைய நடத்தையைப் பற்றிய பேச்சு மட்டும் தனிச்செய்தியிலோ, முடிந்தால் நேரிலோ நடக்கட்டும். எங்கள் மலையில் பெரும்பாலானவர்கள் ஒருவரையொருவர் ஏதோ ஒரு வழியில் அறிந்தவர்கள். தோட்டத்து மேற்பார்வையாளரும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும் ஒரே குழுவில் இருக்கக்கூடும். குழுவில் விழுந்த சொல் மறுநாள் வேலையிடத்திலும் வந்து நிற்கும் என்பதைத் திருத்துகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.


பதில்: கூடலூர்ப் பார்வை

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். எனினும், கூட்டுப் படம் குறித்த உங்கள் கேள்வியை இருவருமே தொடவில்லை என்பதால், அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இந்த இடத்தில் என் கருத்து சற்றுக் கறாரானது.

பெயரில் பிழை நேர்ந்தால் பறவைக்கு ஒன்றும் ஆகிவிடாது. கூட்டருகே போனால் அதற்குத் தீங்கு நேரும். ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டை விட்டு விலகும். அந்த நேரத்தில் முட்டை குளிர்ந்துவிடலாம், குஞ்சு பசியில் கிடக்கும். படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இலையையும் கிளையையும் ஒதுக்கினால் காகத்துக்கும் மற்ற எதிரிகளுக்கும் நாமே கூட்டைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். ஒரு கூட்டுப் படத்துக்குக் குழுவில் பாராட்டுக் குவிந்தால், அடுத்த வாரம் இன்னும் பலர் கூடு தேடிப் புறப்படுவார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ குலைப்பதும் அடங்கும். இது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாதவரைக் குற்றவாளியைப் போல நடத்துவதும் தவறு. தெரியாது என்பதற்காகப் படத்தை நாள் முழுவதும் விட்டுவைப்பதும் தவறு.

ஆகவே நிர்வாகி படத்தை உடனே நீக்கியது சரி. அதற்காக எவரும் வருத்தம் தெரிவிக்கத் தேவையில்லை. பிழை எங்கே என்றால், நீக்குவதையும் கண்டிப்பதையும் ஒரே மூச்சில் அனைவர் முன்னிலையிலும் செய்ததில். படத்தை நீக்கிய கையோடு பதிவிட்டவருக்குத் தனியே எழுதலாம்: “கூட்டுப் படங்களை யார் போட்டாலும் நீக்கிவிடுகிறோம் ஐயா. ஆட்கள் தேடி வந்து கூட்டைக் கலைத்துவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். இரைதேடும்போது எடுத்த படங்கள் இருந்தால் அவசியம் போடுங்கள்.” குழுவில் பெயர் குறிப்பிடாமல் விதியை மட்டும் ஒரு முறை நினைவூட்டினால் போதும். ‘யார் போட்டாலும்’ என்ற சொற்கள் அந்தச் செய்தியில் கட்டாயம் இருக்க வேண்டும். பெரிய கேமராக்காரர் போட்டால் பாராட்டு, புதியவர் போட்டால் கண்டிப்பு என்று நடந்துகொண்ட குழு ஒன்றிலிருந்து நான் விலகி வந்திருக்கிறேன். அதில் மரியாதைக் குறைவு எந்த ஒரு வார்த்தையிலும் இல்லை, விதி ஆளுக்கு ஆள் மாறியதில்தான் இருந்தது.

பிளேபேக்குக்கும் இதே கறார் வேண்டும். பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கும் பழக்கம் சோலை ஓரங்களில் பெருகியிருக்கிறது. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டதாக நம்பி, அந்தப் பறவை இரைதேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. நீலகிரி சிரிப்பான் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அதைக் கூவவைத்துப் படம் எடுத்தவருக்குப் பணிவாகவே சொல்லுங்கள், ஆனால் ‘தவிர்த்தால் நன்றாக இருக்கும்’ என்று இழுக்காதீர்கள். ‘இந்தக் குழுவில் இது கூடாது’ என்பதும் மரியாதையான வாக்கியம்தான்.


பதில்: கொழுந்து (கோத்தகிரி)

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலையில் இருப்பவள். இத்தகைய குழு ஒன்றில் படித்துக்கொண்டே இருப்பேன், எழுதுவது அரிது. அந்தத் தம்பியின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்க முடிவதால் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது கைபேசி. அதில் எடுத்த படத்தில் பறவை ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ‘படம் தெளிவில்லை’ என்று ஒருவர் சொன்னால் எங்களுக்கு வருத்தம் இல்லை, அது உண்மைதான். ஆனால் எங்களுக்குத் தெரிந்தது படத்தில் இருப்பது மட்டும் இல்லை. தவிட்டுப் பழம் பழுத்திருக்கும்போது எந்தப் புதருக்குச் சிரிப்பான்கள் கூட்டமாக வரும், பனி இறங்கினால் எந்தப் பக்கம் குரல் அடங்கும், கவாத்து வெட்டிய பாத்தியில் எந்தக் குருவி முதலில் வந்து இறங்கும் என்பதையெல்லாம் வேலைக்கு நடுவே நாங்கள் தினமும் பார்க்கிறோம். அதை யாரும் கேட்பதில்லை; பெயர் சரியா தவறா என்று மட்டும்தான் கேட்கிறார்கள். மேல்மலைக்காரர் ஐயா எழுதிக் காட்டிய பதிலில் ‘எந்த இடத்தில், எந்த நேரத்தில் பார்த்தீர்கள்’ என்று கேட்டிருந்தார் அல்லவா, அந்தக் கேள்வி வந்திருந்தால் அந்தத் தம்பி நிறைய எழுதியிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வருபவர்கள் எங்களிடம் பறவை இருக்கும் இடத்தைக் கேட்பார்கள். கூடவே நடந்து போய்க் காட்டுவோம். பிறகு அந்தப் படம் பல இடங்களில் பாராட்டுப் பெறும். காட்டிக் கொடுத்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. ‘இந்தப் பறவையைக் காட்டியவர் இன்னார்’ என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய உழைப்பு எதுவும் தேவையில்லை. பெயர் போட வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் அதையும் கேட்க வேண்டும். எல்லோருக்கும் எல்லா நேரமும் வேலையிடத்தில் தம் பெயர் அடிபடுவது சௌகரியமாக இருக்காது.

தமிழில் தட்டச்சு செய்வது சிலருக்குக் கடினம். குரல்பதிவு அனுப்பலாம் என்று சொன்னால் எங்கள் லைன் வீடுகளிலிருந்தே இன்னும் பலர் பேசுவார்கள்.


பதில்: மேல்மலைக்காரர் (கொடைக்கானல்)

கொழுந்து அம்மா எழுதியதைப் படித்தபின் மீண்டும் வருகிறேன், சுருக்கமாக.

எங்கள் பழனி சிரிப்பானின் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற பெயர் இருக்கிறது. அவர் பழனி மலையில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்க மதப்பணியாளர். 1869இல் அந்தப் பறவையை விவரித்துப் பெயரிட்ட பிளான்ஃபோர்டு, சேகரித்தவர் பெயரையே அதற்குச் சூட்டினார். ஆனால் அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்களுக்குச் சோலைக்குள் வழிகாட்டிய மலைவாழ் மக்களின் பெயர்களைப் பறவைகளின் அறிவியல் பெயர்களில் தேடினால் கிடைக்காது. விவரித்தவர் சேகரித்தவருக்கு நன்றி சொன்னார். வழி காட்டியவர்கள் வரை அது வந்து சேரவில்லை. அம்மா சொல்லும் அந்த ஒரு வரியை எங்கள் குழுவில் இந்த வாரமே வழக்கமாக்க நண்பர்களிடம் கேட்கப் போகிறேன்.

கூடலூர் நண்பருக்கு: கூடு, பிளேபேக் இரண்டிலும் உங்கள் கறாரை ஏற்கிறேன். பார்த்த இடத்தைச் சொல்வது பற்றி மட்டும் ஒன்று சேர்க்கலாம். இடம் கேட்பவர் எல்லாரும் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆபத்தில் உள்ள சில இனங்களின் இடத்தை இ-பேர்டே பொதுவில் காட்டாமல் மறைத்து வைக்கிறது. அதையே காரணமாகச் சொன்னால், கேட்டவர் தம்மை நம்பவில்லை என்று நினைத்து வருந்த மாட்டார்.


பதில்: சோலைப்பாதை (கோத்தகிரி)

நேரம் எடுத்து எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நிர்வாகிகள் கூடிப் பேசினோம். எடுத்த முடிவுகளை இங்கே தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூத்தவரை அவருடைய வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். அந்த இளைஞர் அன்றிலிருந்து எழுதவில்லை என்பதை அவர் கவனித்திருக்கவே இல்லை. கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பெயர் தவறினால் தவறு என்று சொல்லத்தான் வேண்டும் என்பதில் அவர் இன்னும் உறுதியாக இருக்கிறார், அதில் எங்களுக்கும் மாறுபாடு இல்லை. மேல்மலைக்காரர் எழுதிய மாதிரிப் பதிலைக் காட்டினோம். படித்துவிட்டு, வாலடி வெள்ளைத் திட்டு எல்லாக் கோணத்திலும் தெரியாது, ஆகையால் குளிர்காலத்தில் நீலத்தின் சாயலையும் முகத்தின் கறுப்பையும் முதலில் பார்க்கச் சொல்வதே நல்லது என்று திருத்தம் சொன்னார். இந்த இரண்டு நீலப் பறவைகளையும் ஒப்பிட்டு, படங்களோடு ஒரு குறிப்பு எழுதித் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த இளைஞருக்குத் தாமே அழைத்துப் பேசுவதாகச் சொன்னார். எங்களை நடுவில் வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அழைத்தாரா என்று நாங்கள் துருவிக் கேட்கவில்லை. சிரிப்பு முகம் பதிந்த நால்வரிடமும் தனித்தனியே பேசினோம். இருவர் உடனே புரிந்துகொண்டார்கள். ஒருவர் விளையாட்டுக்குச் செய்ததைப் பெரிதாக்குகிறோம் என்கிறார். இன்னொருவர் பதில் அளிக்கவில்லை.

கூட்டுப் படம் போட்டவருக்கு, கூடலூர் நண்பர் எழுதிக் கொடுத்த வரிகளைப் பெரும்பாலும் அப்படியே அனுப்பினோம். குழுவில் கண்டித்து எழுதிய நிர்வாகி, அந்தக் கண்டனப் பதிவைத் தாமே நீக்கிவிட்டார். விதி மட்டும் இப்போது குழுவின் முகப்பு விவரத்தில் இருக்கிறது: கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றின் படங்கள் யார் போட்டாலும் நீக்கப்படும், பிளேபேக்கைப் பயன்படுத்தி எடுத்த படங்களுக்கும் இதே விதி, நீக்கியதற்கான காரணம் தனிச்செய்தியில் தெரிவிக்கப்படும். பறவையைக் காட்டியவர் பெயரை, அவருடைய சம்மதத்தோடு, படத்தின் கீழே எழுதும் வழக்கத்தையும் தொடங்கியிருக்கிறோம். குரல்பதிவுகள் ஏற்கெனவே வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் சொல்லப்படும் இடம், நேரம், நடத்தை ஆகியவற்றை எழுத்தில் பெயர்த்துவைக்க இரண்டு கல்லூரி மாணவிகள் முன்வந்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் புதியவர்கள் பலர் முதல்முறையாகப் பட்டியல் இடுவார்கள். அந்த நாட்களில் படங்கள் வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லித் திருத்த எங்களுக்கு ஆள் போதாது. அடையாளம் உறுதியாகாதவற்றை ‘பெயர் தெரியவில்லை’ என்றே விட்டுவைத்து, கணக்கெடுப்பு முடிந்தபின் நிதானமாகப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். கொடைக்கானல் பக்கம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று மேல்மலைக்காரர் ஐயா எழுதினால், அதற்கேற்ப இப்போதே திட்டமிட உதவியாக இருக்கும்.


பதில்: மேல்மலைக்காரர் (கொடைக்கானல்)

நீங்கள் எண்ணியிருப்பதைத்தான் நாங்களும் செய்கிறோம். பெயர் உறுதியாகத் தெரியாத பறவையை, ‘ஈப்பிடிப்பான் இனம்’ என்ற அளவில் பட்டியலில் சேர்க்க இ-பேர்டிலேயே வசதி உண்டு. அதைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதலாம் என்பது முன்கூட்டியே தெரிந்தால் ஊகத்தில் பெயர் எழுதுவது பெருமளவு குறைகிறது. படங்களைப் பார்க்க நான்கைந்து பேரை நேரம் பிரித்து அமர்த்தினால் போதும். உங்கள் மூத்தவர் ஒப்புக்கொண்டால் மாலை நேரத்தை அவரிடம் கொடுங்கள்; இரண்டு ஈப்பிடிப்பான்களைப் பற்றிய அவருடைய குறிப்பு தயாரானதும் எங்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள், இங்கேயும் அது தேவைப்படுகிறது.